துடிப்பு நிற்கட்டும் என்றனர்!

மருத்துவமனைக் கட்டிலிலே ஒரு பெண். வயது 31. அவரே ஒரு பல் மருத்துவர். வயிற்றிலே 17 வாரக் கரு. பனிக்குடம் உடைந்துவிட்டது, கரு பிழைக்க வழியில்லை என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டனர். மறைக்கவில்லை, மழுப்பவில்லை, சொல்லிவிட்டனர். கேட்ட பெண் கலங்கினார். கலக்கத்திடையேயும் அறிவார்ந்த கேள்வியொன்றைக் கேட்டார்: பிழைக்காது என்பது உறுதியானால், காத்திருப்பது எதற்காக? கருவை அகற்றி என்னை விடுவிக்கலாகாதா?

ஆகாது என்றனர்.

ஏன்?

கருவின் இதயம் இன்னும் துடிக்கிறதாம்! அது நிற்கட்டும், பிறகு பார்ப்போம் என்றனர்.

நின்றது. நான்கு நாட்கள் கழித்து அந்தப் பெண்ணின் இதயமும் நின்றது.

இது நடந்தது பதினாறாம் நூற்றாண்டிலன்று; 2012-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில். நடந்த இடம் மருந்தறியாத மலைக்காடுமன்று. அயர்லாந்து நாட்டின் மேற்குக் கரையிலே, கால்வே நகரத்துப் பல்கலைக்கழக மருத்துவமனை. அங்கே குருதியைச் சோதிக்கும் கூடம் இருந்தது. கிருமியைக் கொல்லும் மருந்து இருந்தது. பட்டம் பெற்ற மருத்துவர்கள் இருந்தனர். கருவின் துடிப்பைக் கேட்டறியும் கருவியும் இருந்தது. அத்தனையிலும் தவறாமல் பயன்பட்டது அந்தக் கடைசிக் கருவி ஒன்றுதான்!

பெண்ணின் பெயர் சவிதா ஹலப்பனவார். கருநாடகத்துப் பெல்காம் நகரத்து மகள். கணவரோடு கால்வேயில் குடியேறி வாழ்ந்தவர். அவருடைய சாவைப் பற்றி உலகத்து ஏடுகள் பத்தி பத்தியாக எழுதித் தீர்த்தன. இரங்கல் எழுதின, இடி முழக்கம் எழுதின, "இருதரப்பு வாதம்" எழுதின. அந்த எழுத்தை எடைபோடவே இக்கட்டுரை. சாவைப் பற்றி எழுதப் பலர் உளர். சாவைப் பற்றி எழுதப்பட்டதைப் படித்துப் பார்ப்போர் சிலரே.

முதலில் நாட்களைக் கவனியுங்கள், தோழர்களே. இந்த வழக்கிலே உணர்ச்சியைவிட நாட்காட்டி நன்றாகப் பேசுகிறது.

அக்டோபர் 21, ஞாயிறு: முதுகுவலியோடு மருத்துவமனை வருகிறார், கருச்சிதைவு தவிர்க்கவியலாதது என்று அறிகின்றனர். அன்று எடுத்த குருதியில் வெள்ளணுக்கள் கூடியிருந்தன. அந்த முடிவைப் பின்தொடர்ந்து பார்த்தாரில்லை. நள்ளிரவு கடந்து, திங்கள் பிறந்த வேளையில் பனிக்குடம் உடைகிறது. பனிக்குடம் என்பது கருவுக்கு அரண் மட்டுமன்று, தாய்க்கும் அரண். அது உடைந்தால் கிருமிக்கு வாயில் திறந்தது என்று பொருள். செவ்வாயன்று, மேலே சொன்ன வேண்டுகோள். சட்டம் இடந்தராது, தாயின் உயிருக்கு இப்போது இடரில்லை என்று மறுமொழி. புதன் விடியற்காலையிலே குளிர் நடுக்கம், காய்ச்சல், விரைந்த நாடி. குருதியிலே நஞ்சேறிவிட்டது, செப்சிஸ் என்பர் மருத்துவர். அன்று பிற்பகல் கரு இறந்து வெளியேறிற்று. பிறகு தீவிர மருத்துவப் பிரிவு, மூச்சுக் கருவி, ஒன்றன்பின் ஒன்றாக உறுப்புகள் ஓய்தல். 28-ஆம் நாள், ஞாயிறு, இறப்பு.

பதினேழு நாட்கள் ஊருக்குத் தெரியவில்லை. நவம்பர் 14 அன்று 'ஐரிஷ் டைம்ஸ்' நாளேடு வெளியிட்டது. கிட்டி ஹாலண்ட் என்ற செய்தியாளர், கணவரின் வாய்மொழியைக் கேட்டு எழுதினார். சில நாட்களில் டப்ளின் நகரத் தெருக்களிலே ஆயிரக்கணக்கானோர் விளக்கேந்தி நடந்தனர். ஒரு நாளேட்டின் ஒரு செய்தி செய்த வேலை அது. அந்த அளவில் ஏட்டுத் தொழிலுக்கு வணக்கம் செலுத்துவோம். எனினும், அதற்கடுத்த நாட்களில் நடந்ததைக் காணுங்கால் கை தானாகக் கீழே இறங்குகிறது.

கணவரின் கூற்றிலே ஒரு வாசகம் இருந்தது. "இது கத்தோலிக்க நாடு" என்று மருத்துவமனையில் கூறினராம். போதாதா ஏடுகளுக்கு! தலைப்பாயிற்று, தலையங்கமாயிற்று. யார் சொன்னது, சொன்னதுண்டா இல்லையா என்று துப்பறிதலும் தொடங்கிற்று. சிகிச்சைப் பொறுப்பிலிருந்த மருத்துவர் தாம் அவ்வாறு கூறவில்லை என்றார். 2013 ஏப்ரலில் சாவு விசாரணை நடந்தபோது, பேறுகாலச் செவிலியர் ஒருவர் முன்வந்து, கூறியது நானே என்று ஒப்புக்கொண்டார். இந்தியாவில் இது எளிதாக நடக்குமே என்று நோயாளி கேட்டதற்கு, இந்நாட்டு நிலையை விளக்கவே சொன்னேன், புண்படுத்தவன்று என்று வருந்தினார்.

நாம் அந்தச் செவிலியரை நம்புகிறோம். நம்புவது மட்டுமன்று, அன்று அந்த மருத்துவமனையிலே உண்மையைச் சுருங்கச் சொன்னவர் அவர் ஒருவரே என்றும் கருதுகிறோம். மற்றவர் "சட்டம் இடந்தராது" என்றனர். அவரோ அந்தச் சட்டம் எங்கிருந்து பிறந்தது என்பதைச் சொன்னார். ஆனால் ஏடுகள் என்ன செய்தன? செவிலியின் நாவிலே மதத்தைக் கண்டுபிடித்துக் கூத்தாடின. நாட்டின் அரசியல் சட்டத்திலே அதே மதம் அச்சேறி அமர்ந்திருந்ததை ஐந்தாம் பத்திக்குத் தள்ளின. பாம்பை விட்டுப் பாம்பின் சட்டையை அடித்த கதை!

அந்த அச்செழுத்தைச் சற்றுப் பார்ப்போம். 1861-ஆம் ஆண்டு, விக்டோரியா அரசி காலத்து ஆங்கிலச் சட்டமொன்று கருவகற்றலுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. ஆங்கிலேயன் ஆட்சியை விரட்டிய அயர்லாந்து, அவனுடைய அந்தச் சட்டத்தை மட்டும் பத்திரமாகப் போற்றி வைத்துக்கொண்டது. பிரிட்டனே 1967-இல் புதுச் சட்டம் செய்து வெளியேறிய பின்னும், அயர்லாந்து அங்கேயே நின்றது. நின்றது போதாதென்று 1983-இல் பொதுவாக்கெடுப்பு நடத்தி, நூற்றுக்கு 66.9 பேர் ஆதரவோடு, எட்டாவது திருத்தத்தை அரசியல் சட்டத்தில் ஏற்றினர். பிறவாத உயிருக்கும் தாய்க்கும் வாழும் உரிமை சமம் என்பது அதன் சாரம்.

சமம்! கேட்க எவ்வளவு இனிக்கிறது இச்சொல்! சமத்துவத்துக்காகவே வாழ்கின்ற நம்மையும் ஒரு கணம் மயக்கவல்ல சொல். ஆனால் சமம் என்பது எதற்கும் எதற்கும்? 17 வாரத்தில் பனிக்குடம் உடைந்த கரு எந்த மருத்துவத்தாலும் பிழைக்காது. தாயோ, தக்க நேரத்தில் தக்கது செய்தால் பிழைப்பார். வாழவே முடியாத ஒன்றையும் வாழக்கூடிய ஒருவரையும் தராசின் இரு தட்டிலே வைத்து, முள் நடுவிலே நிற்கிறது என்று அறிவிப்பது நீதியா? முள்ளை விரலால் பிடித்துக்கொண்டிருப்போன் செயலன்றோ அது?

மதத் தலைவர்கள் என்ன கூறினர் என்பதையும் மறைக்காமல் எழுதிவிடுவோம். அயர்லாந்து ஆயர்கள் 2012 நவம்பரிலேயே அறிக்கை விட்டனர்: தாயின் உயிரைவிடக் கருவின் உயிரே பெரிதெனத் திருச்சபை ஒருபோதும் போதித்ததில்லை, தாயைக் காக்கும் சிகிச்சையால் கரு இழக்கப்பட நேரிட்டால் அது குற்றமாகாது, வேண்டுமென்றே கருவை அழிப்பதே குற்றம் என்றனர். தத்துவ மேடையில் இது நயமான பாகுபாடு. நூலில் எழுதலாம், குருமடத்தில் பாடம் சொல்லலாம். ஆனால் நள்ளிரவிலே, காய்ச்சல் ஏறும் ஒரு பெண்ணருகே நிற்கும் மருத்துவருக்கு இதனால் என்ன பயன்? "இப்போது அகற்றினால் நேரடி அழிப்பு, நாளைக்கு இடர் முற்றிய பின் அகற்றினால் சிகிச்சை" என்றால், அந்த இன்றைக்கும் நாளைக்கும் நடுவே கோடு எங்கே? கோட்டின் தவறான பக்கத்தில் கால் வைத்தால் ஆயுள் தண்டனை. எந்த மருத்துவர்தான் நாளை வரையில் காத்திராமல் இருப்பார்?

அந்தக் கோட்டை வரையுங்கள் என்று நீதிமன்றமும் சொல்லிற்று. 1992-இல், வன்கொடுமைக்கு ஆளான 14 வயதுச் சிறுமியின் வழக்கிலே, தாயின் உயிருக்கு மெய்யான, கணிசமான இடர் இருந்தால் கருவகற்றல் சட்டப்படி செல்லும் என்று அயர்லாந்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2010 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் இடித்துரைத்தது. தீர்ப்பு இருந்தது, அதை நடைமுறையாக்கும் சட்டம் மட்டும் இருபது ஆண்டுகளாக எழுதப்படவில்லை. எழுதினால் பாதிரிமார் சினப்பர், வாக்காளர் கலைவர்! பெண்களோ ஆயிரக்கணக்கில் கப்பலேறியும் விமானமேறியும் இங்கிலாந்து சென்று திரும்பினர். தூய்மை கெடாத நாடு என்ற பெருமையை அண்டை நாட்டு மருத்துவமனைகள் காப்பாற்றிக் கொடுத்தன.

இனி நம் நாட்டு ஏடுகளுக்கு வருவோம். அவை கொதித்தன. இந்திய மகளை அயர்லாந்து கொன்றது என்று முழங்கின. இந்திய அரசு அயர்லாந்துத் தூதரை அழைத்துக் கவலை தெரிவித்தது. தவறன்று. ஆனால் கொதித்த ஏடுகள் தொடுத்த வாதத்தைப் பாருங்கள்: இறந்தவர் இந்து, அவர் மீது கத்தோலிக்கச் சட்டத்தைத் திணிக்கலாமா?

இதைப் படித்தபோது எமக்குத் திடுக்கிட்டது. அப்படியானால், அதே கட்டிலில் ஒரு கத்தோலிக்கப் பெண் கிடந்து, அதே காய்ச்சலில் இறந்திருந்தால் சரியாகியிருக்குமோ? கிருமிக்கு ஞானஸ்நானம் தெரியுமா, திருநீறு தெரியுமா? "நான் கத்தோலிக்கரும் அல்லேன், ஐரிஷ்காரியும் அல்லேன்" என்று சவிதா சொன்னதாகக் கணவர் கூறினார். உயிருக்கு மன்றாடுகிறவர் கையில் அகப்பட்ட வாதத்தையெல்லாம் எடுத்து வைப்பார். அது அவர் உரிமை. அதையே எடுத்துத் தலையங்க ஆசிரியர் தம் கொள்கையாக்குவது வேறு. பெண்ணின் உடல் மீது எந்த மதத்துக்கும் ஆட்சி இல்லை என்பது ஒரு வாதம். அவரவர் மதத்துக்கு அவரவர் பெண்கள் மீது ஆட்சி என்பது முற்றிலும் வேறொரு வாதம். இரண்டாவதை எழுதிவிட்டு, முதலாவதை எழுதியதாக நம் ஏடுகள் மகிழ்ந்தன. மறுபக்கத்திலே இராசிபலன்! நல்ல நாள், நல்ல நேரம் பார்த்து வயிற்றைக் கிழித்துக் குழந்தையை எடுக்கச் சொல்லும் குடும்பங்களும், அதற்கு இசையும் மருத்துவர்களும் இந்நாட்டில் உண்டு என்பதை அந்தப் பலன் பகுதியின் ஆசிரியர் அறியாதவரல்லர்.

நம்மிடம் 1971-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது என்று பெருமை பேசியோரும் உண்டு. வந்தது உண்மை. 1964-இல் அமைந்த சாந்திலால் ஷா குழு ஆராய்ந்து, கள்ளத்தனமாய் நடக்கும் கருவகற்றலால் பெண்கள் மடிவதைச் சுட்டிக் காட்டியதன் விளைவு அது. நல்ல சட்டம்தான். ஆனால் கருத்தடை தவறிக் கருவுற்றால் என்ற பிரிவிலே "திருமணமான பெண்" என்று எழுதி வைத்து, 2021 வரையில் அந்தச் சொல்லை அகற்ற மனம் வரவில்லையே! அயர்லாந்தை நோக்கி நீட்டிய விரலில் கொஞ்சம் மை ஒட்டியிருந்தது.

அயர்லாந்து ஏடுகளிலே வேறொரு கூத்து. "சட்டம் கொன்றதா, கவனக்குறைவு கொன்றதா?" என்று பட்டிமன்றம். ஒரு பக்கம் மகப்பேற்று மருத்துவர், மறுபக்கம் மதப் பற்றாளர். இருவருக்கும் சம இடம், சம எழுத்து. நடுநிலையாம்! வேண்டுகோளே விடுக்கப்பட்டதா என்றுகூடச் சிலர் ஐயம் கிளப்பினர். சாவு விசாரணையில் மருத்துவரே அதை உறுதிப்படுத்திய பிறகுதான் அந்தப் பேச்சு ஓய்ந்தது. நெருப்பு சுடுமா என்பதில் இருதரப்புக் கருத்துக் கேட்பது நடுநிலை ஆகாது. கையில் கொப்புளம் இருக்கிறதா என்று பார்ப்பதே ஏட்டாளர் வேலை.

கொப்புளத்தைப் பார்த்தவர் ஒருவர் வந்தார். ஈழத்தில் பிறந்த தமிழர், இலண்டனில் மகப்பேற்று மருத்துவப் பேராசிரியர், சபாரத்தினம் அருள்குமரன். அயர்லாந்து அரசின் நலத்துறை அமைத்த விசாரணைக் குழுவுக்கு அவரே தலைவர். 2013 ஜூனில் அறிக்கை வெளியாயிற்று. முழக்கமில்லை, சாபமில்லை. நோயாளியை உரிய முறையில் மதிப்பிட்டுக் கண்காணிக்கவில்லை என்றார். கருவின் துடிப்பு நிற்கும் வரையில் தலையிடலாகாது என்பதிலே அளவுக்கு மிஞ்சிய அழுத்தம் இருந்தது. தாய்க்குத் தொற்று வருகிறதா என்று பார்ப்பதிலே போதிய அழுத்தம் இல்லை என்றார்.

படித்துப் பாருங்கள், பட்டிமன்றம் எங்கே போயிற்று! சட்டமா, கவனக்குறைவா என்ற கேள்வியே பொய்க் கேள்வி. சட்டம் ஒரு திசையிலே காதை வைக்கச் சொன்னது. காது அங்கே இருந்ததால், மறுதிசையில் எழுந்த ஒலி கேட்கவில்லை. கவனக்குறைவு வேறு எங்கிருந்தோ வந்து விழுந்ததன்று. கவனம் முழுவதும் வேறிடத்தில் கட்டிப் போடப்பட்டிருந்தது. மருத்துவமனையின் குற்றம் இதனால் குறைந்துவிடவில்லை. தவறவிட்ட வாய்ப்புகள் 13 என்று, அதே ஆண்டு அக்டோபரில், மருத்துவத் தரக் கண்காணிப்பு ஆணையம் எண்ணிக் காட்டிற்று. நாடி பார்ப்பதற்கும் காய்ச்சல் அளப்பதற்கும் எந்தப் பாதிரியாரும் தடை போடவில்லை. இதையும் நம்மவர் மறத்தலாகாது. எல்லாப் பழியையும் அங்கியின் மேல் போட்டுவிட்டால் வெள்ளைச் சட்டைக்காரர் தப்பிவிடுவார்.

சாவு விசாரணையிலே மூத்த மகப்பேற்று மருத்துவர் பீட்டர் பாய்லன் கூறிய சான்று இதைவிடக் கூரியது. திங்களன்றோ செவ்வாயன்றோ கருவை அகற்றியிருந்தால் சவிதா பெரும்பாலும் பிழைத்திருப்பார் என்றார். ஆனால் அந்நாட்களில் உயிருக்கு மெய்யான இடர் தோன்றியிராததால் சட்டம் இடந்தராது. புதனன்று இடர் தோன்றிற்று, சட்டமும் இடந்தந்தது. அப்போது காலம் கடந்துவிட்டது என்றார். அவரை மறுத்த மருத்துவர்களும் இருந்தனர். எனினும் அந்தச் சான்றின் தருக்கத்தைச் சிந்தியுங்கள். காப்பாற்ற முடிந்தபோது கதவு பூட்டியிருந்தது. கதவு திறந்தபோது காப்பாற்ற ஆளில்லை. ஆயர்கள் நயமாகப் பாகுபடுத்திய கோடு இருக்கிறதே, அது இந்தப் பெண்ணின் செவ்வாய்க்கும் புதனுக்கும் நடுவே கிடந்தது.

நாட்களையும் ஆவணங்களையும் மக்கள் முன்னே விரித்து வைத்தால் மத பீடத்தின் குரல் தாழ்கிறது. அயர்லாந்து இதை முன்பே ஒருமுறை கண்டது. நம் இளைஞர் பலர் அறியாத கதை, சற்று நின்று கேட்கத் தக்கது.

1948-இல் அங்கே நலத்துறை அமைச்சரானவர் நோயல் பிரௌன் என்ற இளம் மருத்துவர். காசநோய் அவர் பெற்றோரைக் கொண்டுபோயிற்று, அவரையும் தீண்டிற்று. அமைச்சரானதும் காசநோய் மனைகள் கட்டினார். அடுத்து, தாய் சேய் நலத் திட்டமொன்றைக் கொணர்ந்தார்: கருவுற்ற தாய்மாருக்கும் 16 வயது வரையில் பிள்ளைகளுக்கும் இலவச மருத்துவம், ஏழையா பணக்காரரா என்ற விசாரணை இன்றி. இதில் மதத்துக்கு என்ன கேடு? கேடுண்டு என்றனர் ஆயர்கள். தாய்மை பற்றிப் பெண்களுக்கு அரசு மருத்துவர் அறிவு புகட்டுவதாம். அது குடும்பத்தின் உரிமையில் அரசு கை வைப்பதாம். கருத்தடை பற்றிய பேச்சும் அந்த வழியே நுழைந்துவிடுமாம்! மருத்துவர் சங்கமும் எதிர்த்தது. அவர்களுக்குத் திருமறைக் கவலை இல்லை, வருமானக் கவலை. பக்தியும் பையும் கைகோத்துக்கொண்டன. அமைச்சரவை பணிந்தது. பிரௌன் 1951 ஏப்ரலில் பதவி விலகினார்.

விலகியவர் சும்மா போகவில்லை. ஆயர்களும் அமைச்சர்களும் தமக்குள் எழுதிக்கொண்ட கடிதங்களை நாளேடுகளுக்குக் கொடுத்துவிட்டார். அவை அச்சேறின. தலைமையமைச்சர் காஸ்டெல்லோ நாடாளுமன்றத்தில் வருந்தினார், எதற்காக? தாய்மாருக்கு மருத்துவம் போயிற்றே என்றா? இல்லை. இதையெல்லாம் மக்கள் அறியாமல், அமைதியாக, தமக்குள்ளே முடித்திருக்கலாமே என்று! கருத்தடையை ஆதரிக்கும் ஏட்டையும் நூலையும் 1929-ஆம் ஆண்டுத் தணிக்கைச் சட்டத்தால் தடுத்து வைத்திருந்த நாடு அது. அங்கே ஒரு கத்தைக் கடிதம் வெளிவந்தது வெடிகுண்டுக்கு ஒப்பு. திட்டம் தோற்றது மெய். ஆனால் ஆள்வது யார் என்பதை அன்று முதல் ஐரிஷ் மக்கள் கையெழுத்தோடு அறிந்துகொண்டனர்.

2012-இல் கணவர் செய்ததும் அதுவே. அவர் பழிவாங்கக் கிளம்பவில்லை. என் மனைவியின் ஏட்டில் என்ன எழுதியிருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டார். காட்டியதனால் 2013-இல், தாயின் உயிருக்கு இடரெனில் கருவகற்றலாம் என்ற சட்டம் வந்தது. குற்றத்துக்கு 14 ஆண்டுச் சிறை என்ற அச்சத்தையும் அது கூடவே கொணர்ந்தது. 2018 மே 25 அன்று மீண்டும் வாக்கெடுப்பு. சவிதாவின் தந்தை பெல்காமிலிருந்து ஐரிஷ் மக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். டப்ளின் நகரச் சுவரொன்றிலே அவர் முகத்தை எழுதி வைத்தனர். மக்கள் வந்து சிறு சிறு தாள்களில் மன்னிப்புக் கேட்டு எழுதி ஒட்டினர். நூற்றுக்கு 66.4 பேர் எட்டாவது திருத்தத்தை நீக்க வாக்களித்தனர். சேர்த்தபோது 66.9, நீக்கியபோது 66.4. நடுவே 35 ஆண்டுகள்.

அயர்லாந்து திருந்திய பின் போலந்து தொடங்கிற்று. 2020 அக்டோபரில் அந்நாட்டு அரசியல் சட்டத் தீர்ப்பாயம், கருவுக்கு மீளாக் குறைபாடு இருந்தாலும் அகற்றலாகாது என்று தீர்த்தது. அடுத்த ஆண்டு செப்டம்பரில், அந்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் மருத்துவமனைக்கு 30 வயதுத் தாய் ஒருவர் வந்தார். 22 வாரம், பனிக்குடம் உடைந்திருந்தது. கட்டிலில் கிடந்தபடியே தம் தாய்க்குக் கைப்பேசியில் எழுதினார்: துடிப்பு நிற்கும் வரையில் ஒன்றும் செய்ய இயலாதென்று காத்திருக்கிறார்கள், எனக்குக் காய்ச்சல் ஏறுகிறது என்ற பொருளில். ஒரு நாளுக்குள் இறந்தார், அதே செப்சிஸ். மகள் எழுதிய அந்த வரிகளை ஏடுகள் வெளியிட்டபோது, ஒரு திங்களுக்கு மேல் ஆகியிருந்தது.